மூலம் என்னும் பெயரும் ஒரு சிறு பிளவும்

மனித உடலின் உறுப்புகள் யாவும் பேச்சில் ஒரே இடத்தைப் பெறுவதில்லை. நெஞ்சு நோகின்றதென்பவனைச் சுற்றி வீடே கூடிவிடும். கண் மங்குகின்றதென்பவளுக்கு அயலார் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வர். மலவாயில் நோவெனின் அதனைப் பெற்ற தாயிடமுங் கூறத் தயங்குவோரே பலர். அவையில் சொல்லத்தகாதவற்றை மறைத்துச் சொல்வதற்கென இடக்கரடக்கல் என்னும் மரபையே தமிழிலக்கணம் வகுத்து வைத்துள்ளது. கால் கழுவுதல், வெளிக்குப் போதல் என்பன அதன் வழி வந்தவை. நாகரிகத்துக்கு அஃது அழகே. ஆயின் நோயாளி வைத்தியர்முன் நிற்கும்போதும் அவ்வடக்கம் நாவை விட்டு நீங்காதிருக்குமானால், அதற்கான விலையை உடல் கொடுக்க நேர்கின்றது.

மறைத்துப் பேசுவதன் முதல் விளைவு பெயர்கள் குறைந்துபோதலாகும். மலவாயில் குருதி கசிந்தாலும் மூலம், எரிந்தாலும் மூலம், அரித்தாலும் மூலம், சீழ் வடிந்தாலும் பலருக்கு அது மூலமே. உண்மையில் அங்கே தோன்றும் நோய்கள் வெவ்வேறானவை. குதவழியின் உட்புறத்தே மெத்தைபோல் அமைந்துள்ள குருதிக்குழாய்த் திரள்கள் வீங்கிச் சரிதல் மூலநோய். குதவழியின் கீழ்ப்பகுதியை மூடியுள்ள மெல்லிய தோல் நெடுக்காகக் கிழிதல் குதப்பிளவு. ஆசனவாய் வெடிப்பு என்று சொல்வதும் இதனையே. சீழ்க்கட்டியொன்று உடைந்து, குதவழிக்கும் வெளித்தோலுக்குமிடையே புரையோடிய பாதையொன்றை விட்டுச் செல்லுதல் பவுத்திரம். முதலாவது பெரும்பாலும் நோவின்றிக் குருதி சிந்தும். இரண்டாவது சில துளிகளே சிந்தி, பொறுக்கவொண்ணா நோவைத் தரும். மூன்றாவது விட்டுவிட்டுச் சீழ் வடிக்கும்.

இவ்வேறுபாட்டுக்கு உடலமைப்பிலேயே காரணமுண்டு. ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே கொண்ட குதவழியின் நடுவே பல்வரிசை போன்ற விளிம்புடைய கோடொன்று ஓடுகின்றது. அதற்கு மேலுள்ள பகுதி குடலுக்குரிய நரம்புகளைப் பெற்றது. அங்கே ஏற்படும் காயத்தில் கூரிய நோவு தெரிவதில்லை. கீழுள்ள பகுதி தோலுக்குரிய நரம்புகளைப் பெற்றது. அது விரல்நுனியைப் போல் உணரவல்லது. மூலம் பொதுவாகக் கோட்டுக்கு மேலே தோன்றுவது. பிளவு கோட்டுக்குக் கீழே. ஆகவே நோகின்றதா, குருதி மட்டும் போகின்றதா என்ற ஒரு கேள்வி வைத்தியருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருபதாண்டுகள் கழிந்த கதைகளும் உண்டு.

எருக்கலைச் செடியின் பெயரையும் மணல்மேட்டின் பெயரையும் சேர்த்துக்கொண்ட எருக்கலம்பிட்டி, மன்னார்த் தீவின் பழைய முஸ்லிம் ஊர்களுள் ஒன்று. கடலும் பனையும் அவ்வூரின் வாழ்வு. மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மாதங்களோடு நின்றுவிடும். எஞ்சிய காலமெல்லாம் வெயிலும் காற்றுமே. பெய்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து கிடக்கும். கிணற்றை அளவுக்கு மீறி ஆழமாக்கினாலும், அளவுக்கு மீறி இறைத்தாலும், உவர் மேலேறிவிடும். நல்ல நீரை அளந்து குடிக்கும் பழக்கம் இத்தகைய மண்ணில் இயல்பாகவே வளர்ந்துவிடுகின்றது. உணவோ அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் மீன் ஆணமும் கருவாடுமாக அமைவது. கீரையும் காய்கறியும் மணலில் எளிதில் விளைவனவல்ல. குதப்பிளவு இவ்வூராருக்குப் பிறரினும் மிகுதியாக வருகின்றதென்பது இங்குப் பொருளன்று. உலகின் எப்பகுதியிலும் அது வருகின்றது. ஆயினும் அந்நோய்க்கு ஏதுவாகப் பாடநூல்கள் கூறும் குறைந்த நீர், குறைந்த நார்ப்பொருள், வெப்பம் ஆகியவற்றை இவ்வூரின் தெருவில் நின்றே கண்டுகொள்ளலாம்.

அவ்வூர்ப் பெண்மணி ஒருவருக்கு இந்நோய் 1990இல் தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் பிறந்த மண்ணைவிட்டுப் போயினர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அப்பெண்ணுக்கு அப்போது இருபத்துமூன்று வயது; வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. புத்தளப் பகுதியில் அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்தது ஓர் ஓலைக் கொட்டில். பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம். அதன்முன் பகல் முழுவதும் ஆண்கள் வரிசை. ஆகவே பெண்கள் விடியுமுன்னரோ இருட்டிய பின்னரோ மட்டுமே வெளிக்குச் சென்றனர். இடையில் எழவேண்டிய தேவை வந்துவிடக்கூடாதென நீரையும் குறைத்தே குடித்தனர். இடப்பெயர்வைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் இழந்த வீடும் நிலமும் நகையும் எண்ணிக் கூறப்படுகின்றன. பகல் முழுவதும் அடக்கிவைக்கப்பட்ட இந்த உபாதை எந்தக் கணக்கிலும் ஏறக் காணோம்.

அடக்கிவைத்தால் உடலினுள் என்ன நிகழ்கின்றதென்பது அறியத்தக்கது. நேர்குடல் நிறையும்போது மலங்கழிக்கும் உணர்வு எழுகின்றது. அதனைத் தடுத்தால் நேர்குடல் சற்றே தளர்ந்து இடங்கொடுக்க, உணர்வும் அடங்கிவிடுகின்றது. உணர்வு அடங்கினும் மலம் அங்கேயே கிடக்கும். குடலோ நீரை மீட்டெடுக்கும் தன் தொழிலை நிறுத்துவதில்லை. காலையில் மென்மையாயிருந்தது இரவில் இறுகிவிடும். கருவுற்ற காலத்தில் குடலின் அசைவு இயல்பாகவே மந்தமாகும். அக்காலத்தில் உட்கொள்ளும் இரும்புச்சத்து மாத்திரையும் பலருக்கு மலத்தை இறுக்கும். கருவுற்ற பெண்களுக்கு வரும் இத்தகைய நோவைக் காசியப சங்கிதை தனியே எடுத்துரைக்கின்றது. பழைய ஆயுள்வேத நூல்கள் அதற்கு இட்ட பெயர் பரிகர்த்திகை, அதாவது சுற்றிலும் கத்தரிப்பது போன்ற நோவு. இன்றைய நோயாளர் கண்ணாடித் துண்டு வெளிப்படுவது போலிருக்கின்றதென்று கூறுவதும் அதுவே. முகாமில் குழந்தை பிறந்த நான்காம் நாள், அப்பெண் முதன்முறையாக அந்நோவை அறிந்தார்.

ஒரு கிழிவு தோன்றுவது வியப்பன்று. உதடு வெடிக்கின்றது, குதிகால் வெடிக்கின்றது. சில நாளில் ஆறிவிடுகின்றன. குதப்பிளவுகளிலும் ஏறத்தாழப் பாதி, மலத்தை மென்மையாக வைத்திருந்தாலே சில கிழமைகளில் ஆறிவிடுவன. எஞ்சியவை ஏன் ஆறுவதில்லை? விடை குதவழியைச் சூழ்ந்துள்ள இரு தசைவளையங்களில் உள்ளது. வெளிவளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. உள்வளையம் இதயத்தைப்போலத் தன்போக்கில் இயங்குவது, தூக்கத்திலும் இறுகியே இருப்பது. காயத்தில் மலம் உராயும்போது அவ்வுள்வளையம் வலிந்து இறுகுகின்றது. கழித்து முடிந்த பின்னரும் மணிக்கணக்கில் நீடிக்கும் எரிவுக்கும் வலிக்கும் காரணம் அவ்விறுக்கமே. இறுகிய தசையினூடே குருதி செல்வது குறைகின்றது. குருதி குறைந்த இழையம் ஆறுவதில்லை. ஆறாத காயம் மறுநாள் மீண்டுங் கிழிகின்றது.

இச்சுழலை முற்றாக்குவது அச்சம். அப்பெண் நோவுக்கு அஞ்சி மலங்கழிப்பதை ஒத்திவைத்தார். பின்னர் உண்பதையே குறைத்தார். உணவு குறைந்தால் மலமும் குறையும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரியே, விளைவுதான் தவறு. குறைந்த மலம் மெதுவாக நகர்ந்து மேலும் இறுகியது. மூன்று நாளைக்கொருமுறை என்பது அவருக்கு ஒரு தண்டனை நாளாக மாறிற்று. பாலூட்டும் தாய் ஏன் மெலிகின்றாளென்று மாமி கேட்டபோது, பசியில்லை என்பதே விடை. குடும்பத்தில் எவருக்கும் காரணம் தெரியவில்லை. தெரிவிக்கும் சொல்லும் அவரிடம் இருக்கவில்லை. இந்நோயில் உண்மையாகவே அழிவது இதுதான் என்று துணிந்து கூறலாம். உயிருக்கு ஊறு செய்வது மிக அரிது. ஆனால் உண்பது, உட்காருவது, பயணஞ்செய்வது, கணவனோடு வாழ்வது ஆகிய அனைத்தையும் அது தன் ஆட்சிக்குட்படுத்திவிடும்.

தொற்றே இந்நோய்க்குக் காரணமென்ற கருத்து மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் நிலவியது. குதவழியின் சிறு சுரப்பிகளில் புகும் கிருமிகள் பிளவை உண்டாக்குகின்றன, அல்லது ஆறவிடாது தடுக்கின்றன என எண்ணியோர் பலர். தசையின் பங்கு சிறிது சிறிதாகவே தெளிவாகியது. 1951இல் தென்னாபிரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஐசன்ஹாமர், உள்வளையத்தைச் சிறிது வெட்டித் தளர்த்துவதால் பிளவு ஆறுவதை எடுத்துக்காட்டினார். அவ்வெட்டைப் பின்புறத்தே செய்யாது பக்கவாட்டில் செய்யும் முறையை 1969இல் நொற்றராஸ் விளக்கினார். 1989இல் கிளோஸ்டர்ஹால்பன் முதலானோர் இறந்தோர் உடல்களின் நாடிகளை ஆய்ந்து, பெரும்பாலானவற்றில் குதவழியின் பின்புற நடுப்பகுதிக்கு ஏனைய பகுதிகளைவிடக் குறைந்த குருதியே செல்வதைக் கண்டனர். பத்தில் ஒன்பது பிளவுகள் அவ்விடத்திலேயே தோன்றுவதேன் என்ற பழைய புதிருக்கு அஃது ஒரு விடையாயிற்று. மகப்பேற்றின் பின் முன்புறத்திலும் தோன்றுவதுண்டு. 1994இல் நெதர்லாந்தின் ஸ்கௌட்டன் முதலானோர் உயிருள்ள நோயாளரில் அளந்து, தசையின் அழுத்தம் ஏற ஏறக் குருதியோட்டம் குறைவதை உறுதிசெய்தனர். இவ்வாறு, கிருமியைத் தேடிப் புறப்பட்ட விசாரணை குருதிப் பற்றாக்குறையில் வந்து நின்றது.

தொற்றின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. நாள்தோறும் கோடானுகோடி பற்றீரியாக்கள் கடந்து செல்லும் வழியில் திறந்த காயமொன்று இருந்தும், அது பெரும்பாலும் சீழ்ப்பிடிப்பதில்லை என்பது உடலின் வியத்தகு காவல்களுள் ஒன்று. எனவே சாதாரண பிளவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கி விழுங்குவதால் பயனில்லை. அரிதாகவே, பிளவின் அடியிலிருந்து கிருமிகள் உட்புகுந்து சீழ்க்கட்டியாகி, பின் சிறு பவுத்திரமாகவும் மாறுகின்றன. அப்போது நோவின் இயல்பே வேறுபடும். பிளவின் நோவு மலங்கழித்தலோடு எழுந்து சில மணிநேரத்தில் அடங்குவது. சீழ்க்கட்டியின் நோவு இரவும் பகலும் நாடித்துடிப்புப்போல் துடிப்பது. காய்ச்சலும் தொட முடியாத வீக்கமும் உடன் வரும். கீறிச் சீழை வெளியேற்றுவதே அதற்குப் பரிகாரம். மாத்திரை மட்டும் போதாது, ஒத்திவைக்கவும் ஆகாது. நீரிழிவு உள்ளவருக்கு இவ்விடத்துத் தொற்று மிக வேகமாகப் பரவி உயிரையே குடிக்கக்கூடுமாதலால், அவர்கள் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

அப்பெண்மணியோ தமக்கிருப்பது மூலச்சூடு என்றே நம்பினார். சுற்றியிருந்தோரும் அதையே சொல்லினர். குளிர்ச்சிக்கென மோரும் வெந்தயமும் வந்தன, கருணைக்கிழங்கு வந்தது, எண்ணெய்கள் வந்தன. இவற்றை எல்லாம் எள்ளி நகையாடுதல் பொருந்தாது. மோர் நீரைத் தந்தது, கிழங்கும் கீரையும் நாரைத் தந்தன; உண்ட நாள்களில் அவர் ஓரளவு தேறியதும் உண்மை. தீங்கு செய்தது, சூட்டை இறக்கவென அடிக்கடி எடுத்த பேதி மருந்து. கடுமையான வயிற்றோட்டமும் ஆறிவருந் தோலைப் புண்ணாக்கவல்லது. கழிச்சல் மருந்தை முறைதவறிக் கொடுப்பதால் பரிகர்த்திகை உண்டாகுமெனச் சரக, சுசுருத சங்கிதைகளே எச்சரித்துள்ளன என்பது இங்கு நினைக்கத்தக்கது. பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பவுத்திரம் கத்தியின்றிக் குணமாக்கப்படும் என்று விளம்பரம் செய்வோரிடம் அவர் செல்லவில்லை. செல்லாததற்குக் காரணம் அறிவன்று, வெட்கமே. வெட்கம் நன்மை செய்த ஒரே இடம் அதுவாயிருக்கலாம். அத்தகையோரிற் சிலர் பூசும் காரமருந்துகள் குதவழியைச் சுருக்கி வடுவாக்கிவிடுவன.

உடலோடு மனத்தை அரித்த கேள்வியொன்றும் அவருக்கிருந்தது. மலவாயின் வழியே குருதி வெளிப்பட்டால் ஒளு முறியுமன்றோ? தொழுகைக்கு நிற்கும் வேளையில் ஒரு துளி கசிந்ததோவென்ற ஐயம் ஒரு நாளைக்கு ஐந்துமுறை எழுந்தது. ஆகவே மீண்டும் மீண்டும் கழுவினார், அதுவும் சவர்க்காரமிட்டு. நீராற் சுத்தஞ்செய்யும் வழக்கம் இக்காயத்துக்கு மிக நல்லது; கடதாசியால் உரசுவதினும் எத்தனையோ மடங்கு மேல். ஆனால் சவர்க்காரம் தோலின் எண்ணெய்ப்பசையை நீக்கி மேலும் வெடிக்கச் செய்யும். ரமழானிலோ பகல் முழுவதும் நீரில்லை. பெருநாள் வருகையில் அவருக்கு நோவும் உச்சத்தில் நிற்கும். நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை உண்டென்பதை அவர் அறிவார். ஆனால் சலுகையைப் பெறுவதற்கு என்ன நோயென்று வீட்டாருக்குச் சொல்லவேண்டுமே!

2009இல் போர் முடிந்த பின் எருக்கலம்பிட்டிக்கு மீண்டவர்களுள் அக்குடும்பமும் ஒன்று. மகளின் வற்புறுத்தலால் அரச வைத்தியசாலையொன்றில் ஒரு பெண் வைத்தியரை அவர் சந்தித்தபோது வயது நாற்பத்தைந்தை அண்மியிருந்தது. "மூலந்தான், மகள்" என்று அவரே நோய்க்குப் பெயரிட்டும் சென்றார். வைத்தியர் அப்பெயரை ஏற்றுக்கொள்ளாது, "அம்மா, போகும்போது நோகுதா? இல்லை, இரத்தம் மட்டுந்தான் போகுதா?" என்று வினவினார். இருபதாண்டுகளில் எவரும் கேளாத அக்கேள்விக்கு அவரிடமிருந்து வந்தது விடையன்று, அழுகையே. பின் திரைமறைவில், விரலை உட்செலுத்தாமல், தோலை மெல்ல விலக்கிப் பார்த்த அளவிலேயே நோய் புலனாயிற்று. பின்புற நடுவில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிளவு. அதன் கீழ் நுனியில் காவற்காரனைப்போல் ஒரு தோல்முனை. இத்தனை காலம் மூலக்கட்டியென அவர் எண்ணியிருந்தது அத்தோல்முனையையே. ஆறு கிழமைகளுக்கு மேற்பட்டு நாட்பட்ட பிளவில் அது வளர்வது வழக்கம்.

சிகிச்சை எளிதாகவே இருந்தது. நீரும் நாரும், இசப்கோல் உமியும். காலையிலும் மலங்கழித்த பின்னரும் இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்தல். உணர்வு எழுந்தவுடனே செல்லுதல். தசையைத் தளர்த்த முதலில் கிளிசரைல் முந்நைத்திரேற்றுக் களிம்பு கொடுக்கப்பட்டது. நெஞ்சுநோவுக்கு நாக்கின்கீழ் வைக்கும் மருந்து இதுவே. உடலில் இது வெளிவிடும் நைத்திரிக்கொட்சைட்டு உள்வளையத்தைத் தளரச் செய்வதால் 1990களிலிருந்து பிளவுக்கும் பயன்படுகின்றது. பலருக்குப்போல் அவருக்கும் தலையிடி பொறுக்க முடியாததாயிற்று. எனவே டில்தியாசெம் 2 வீதக் களிம்பாக மாற்றப்பட்டது. தசையை வெட்டும் சிகிச்சை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணந்தருவதாயினும், சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் ஆற்றல் குறைந்துவிடும். நான்கு பிள்ளைகளைப் பெற்ற, ஏற்கெனவே தளர்ந்த தசையுடைய பெண்ணுக்கு அதனை அவசரப்பட்டுச் செய்தல் தகாதென வைத்தியர் கருதினார். வெட்டாமலே எட்டுக் கிழமைகளில் பிளவு மூடியது. நோவு அடங்கிய பின் குழாய்க்கருவியால் குடலையும் பார்த்தனர். நாற்பதைக் கடந்தவரின் குருதிப்போக்கை ஒரு காரணத்தோடு முடித்துவிடலாகாதென்பது மருத்துவ ஒழுங்கு. பிளவு நடுவிலன்றிப் பக்கங்களில் இருந்தாலும், பலவாக இருந்தாலும், நோவின்றி இருந்தாலும் காசநோய், குரோன் என்னும் குடலழற்சி, கிரந்தி, எச்.ஐ.வி., புற்றுநோய் ஆகியவற்றைத் தேடவேண்டும். அவரிடம் அவ்வாறு எதுவும் காணப்படவில்லை.

அவ்வைத்தியர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து, இது மூலம், இது பிளவு, இது பவுத்திரம் என மூன்று பெயர்களையும் தமிழில் எழுதிக்கொடுத்தார். சிறு செயலே, ஆயினும் அதற்கு நீண்டதொரு முன்வரலாறு இந்நாட்டில் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1867இல் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் வெளியிட்டார். உடலின் எப்பகுதிக்கும் கூச்சமின்றிப் பெயரிட அந்நூல் வரிசை முயன்றது. பின்வந்தோர் மருத்துவக் கல்வியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட, சொற்கள் நூலகத்தில் தங்கின. நோயாளியின் நாவில் மூலம் ஒன்றே எஞ்சியது. பாடநூற்குழுக்கள் ஆக்கிய கலைச்சொற்களும் பரீட்சைத்தாள் கடந்து வைத்தியசாலை வாயில்வரை வந்தது குறைவே.

அப்பெண்மணியின் வீட்டில் இப்போது பிட்டோடு முருங்கையிலைச் சுண்டல் தவறுவதில்லை. பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கு நாள்தோறும் உண்டு. நார் செறிந்த அவ்வுணவு காலடியிலேயே விளைந்துகொண்டுதான் இருந்தது. முன்பு நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் என்று முடித்துவிடுபவர், இப்போது இரவுத் தொழுகைக்கும் சஹருக்குமிடையே போத்தல் நீரை அளந்து குடிக்கின்றார். மகளுக்கு முதற்பிள்ளை பிறந்தபோது மருத்துவிச்சியும் மாமிமாரும் தாய்ப்பாலைப் பற்றியும் தொப்புளைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தனர். மூன்றாம் நாள் அவர்கள் அனைவர் முன்னிலையிலும் அவர் மகளிடம் கேட்டது, வெளிக்குப் போனாயா, போகும்போது நொந்ததா என்பதே.